கூடக் கதைத்தவரே தேத்தண்ணி போடவேண்டும்

என் வாடகைக் கடைக்கு யார் வந்து கதிரை கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "நல்லதுக்கோ, கெட்டதுக்கோ?" கலியாணம் என்றால் சிவப்புக் கதிரை, செத்தவீடு என்றால் வெள்ளைக் கதிரை. கொழும்பு வெள்ளவத்தையில் காரியத்துக்குத் தக்க நிறம் பார்த்துக் கதிரை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தவனே நான்தான். இப்போது எல்லாரும் செய்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையிலும் அப்படித்தான் கேட்டேன். வந்தவர் முன்பின் தெரியாத இளைஞர். வத்தளையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார், முகம் வெளிறிக் கிடந்தது.

"கெட்டதுக்கு, அங்கிள்" என்றார். "பந்தலும் வேணும்."

"கவலைப்படாதையும் தம்பி. செத்தவீட்டை நான் எடுத்தால் செத்தவரே எழும்பி வந்து கதிரை நல்லாயிருக்கு எண்டு சொல்லுவார். விலாசத்தைச் சொல்லும்."

அவர் சொல்லச் சொல்ல நான் சுவர்ப் பலகையில் சோக்கால் எழுதினேன். ஒழுங்கையின் பெயரை எழுதினேன். இலக்கத்தை எழுதினேன். "மேல்மாடி" என்று அவர் சொன்னபோது கை நின்றுவிட்டது. அந்த விலாசத்துக்கு மேலேயே, அதே பலகையில், அதே விலாசம் ஏற்கெனவே இருந்தது. முந்தின நாள் பின்னேரம் நானே எழுதியது: வியாழன், கூட்டம், இருபது கதிரை, வட்டம்.

"ஆர் தம்பி?" என்றேன்.

"பெரியம்மா. விடியக்காலமை குளிக்கப் போனவா. தண்ணி ஓடுற சத்தம் நிக்கவே இல்லை எண்டு பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைச்சவை. ஹார்ட் அற்றாக்."

பரமேஸ் அக்காவை அறிந்தவர்களே, என்னையும் நீங்கள் அறிவீர்கள். வாய் மூடாத மனிதன் நான். கொழும்பு ஆறாம் பகுதியிலிருந்து பதின்மூன்றாம் பகுதி வரை என்னிடம் கதைத்து வென்றவர் கிடையாது. அன்று அந்தத் தம்பியிடம் எத்தனை கதிரை என்று கேட்கவும் மறந்துபோனேன். சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் பின்னேரம் பரமேஸ் அக்கா நின்ற இடத்தில்தான் அந்தப் பிள்ளை நின்றது.

முதல் நாள் வந்து என்ன சொன்னா என்று கேளுங்கள். கையில் கீரைப் பை, தோளில் குடை. "தம்பி, கால் ஆடுற கதிரை ஒண்டும் அனுப்பாதையும். வியாழக்கிழமை மலர்ப் பிள்ளைக்கு நல்ல கதிரை வேணும்" என்றா. "என்ர கதிரை ஆடாது அக்கா, இருக்கிற ஆக்கள்தான் ஆடுறவை" என்றேன். சிரித்தா. கீரை வாடுதென்று போய்விட்டா. அவ்வளவுதான். அதுதான் கடைசி என்று யார் சொன்னது எனக்கு? ஒருவரும் சொல்லவில்லை.

அக்காவின் பெண்கள் நிலையத்தில் வேலைசெய்யும் சாந்திப் பிள்ளை வந்து, அவவின் முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று கேட்டது. நான் ஏழாம் வகுப்பு. ஆனால் அந்த ஏழாம் வகுப்பு இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம். ஆகவே எழுதுகிறேன். "இருந்தா", "சொன்னா" என்று முடிந்த காலத்தில் எழுதவேண்டும் என்று சாந்தி சொன்னது. கை "சொல்லுவா" என்றுதான் எழுதப் போகிறது. ஒவ்வொரு முறையும் வெட்டி எழுதவேண்டியிருக்கிறது.

அக்காவை நான் முதலில் கண்டது நிலையம் தொடங்கிய காலத்தில். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மேல்மாடியில் தான் இருந்த வீட்டின் முன் மண்டபத்தைப் பெண்கள் நிலையமாக்கியிருந்தா. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து லொட்ஜுகளிலும் அறைகளிலும் கிடந்த பெண்களுக்கு அதுதான் போக ஒரு இடம். முதற் கூட்டத்துக்கு நான் கதிரை கொண்டுபோனேன். வெளிநாட்டு உதவிக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கேட்காமலே என் மாப்பிள்ளைக் கதிரையையும் ஏற்றிக்கொண்டு போய் முன்னால் வைத்தேன். சிவப்பு வெல்வெற், பொன் நிறக் கைபிடி. அந்தக் கதிரையில் இருந்து கலியாணம் செய்தவர்களில் ஒருவர்கூடப் பிரியவில்லை.

அவ அதைச் சுற்றி நடந்து பார்த்தா. "இந்தச் சிங்காசனம் ஆருக்கு?"

"வெள்ளைக்காரருக்கு அக்கா. அவைக்கு ஒரு மரியாதை வேணுமெல்லே."

"அப்ப மற்றவைக்கு?"

"மற்றவைக்கு இந்தப் பிளாஸ்ரிக் மடக்குக் கதிரை."

"தம்பி, இதைத் திரும்பக் கொண்டுபோய்க் கலியாணம் கட்டுறவனுக்குக் குடும். இஞ்சை ஒருத்தரும் மாப்பிள்ளை இல்லை. மிச்சத்தை வட்டமாப் போடும்."

வட்டமாகப் போட்டேன். கூட்டம் தொடங்கியது. நான் போயிருக்கலாம். ஆனால் நாட்டு நிலைமையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அங்கே யாருக்கும் தெரியாது என்று விளங்கியதால், நின்று, சில விளக்கங்கள் கொடுத்தேன். கூட்டம் முடிந்ததும் அவ என்னைப் பார்த்தா.

"இஞ்சை ஒரு சட்டம் இருக்கு. கூட்டத்திலை எல்லாரிலும் கூடக் கதைச்சவர் ஆரோ, அவர்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி போடவேணும். கேத்தில் குசினி அடுப்பிலை இருக்கு."

"நானோ? நான் கதிரைக்காரன் அக்கா."

"கதிரைக்காரருக்கு வாய் இருக்கெண்டு இப்பதானே எல்லாருக்கும் தெரிஞ்சது. போம்."

போனேன். சாந்தியிடம் கேட்டுக் கேட்டுப் போட்டேன். அன்று போட்ட தேத்தண்ணியைக் குடித்த வெள்ளைக்காரப் பெண்மணி கண் கலங்கினா. சூடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உண்மை தெரியும். வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனிசி, "கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒரு கோப்பை கழுவாத மனிசனை அந்த மனிசி ஒரு பின்னேரத்திலை குசினிக்குள்ளை அனுப்பிப் போட்டுதே, அவவின்ர விலாசத்தைத் தாங்கோ, நான் போய்க் கும்பிட்டிட்டு வாறன்" என்று சிரித்தாள். போனாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டிலும் அந்தச் சட்டம் வந்துவிட்டது.

அந்தச் சட்டம் எங்கிருந்து பிறந்தது என்று ஒருநாள் கேட்டேன். ஒரு முறை வெளிநாட்டில் நடந்த பெரிய பெண்கள் மகாநாட்டுக்கு அவவைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் மாதிரி நாடுகளிலிருந்து போன பெண்கள் பேச எழும்பினால் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்குமாம். உதவி கொடுக்கிற நாட்டுக்காரர் பேசும்போது அந்த மணிக்குச் சத்தமே வராதாம். "வாயைத் திறந்தவுடனை மணி அடிக்கிறதுக்கு ஏன் பிளேன் ரிக்கற் அனுப்பிக் கூப்பிட்டவங்கள்?" என்று கேட்டா. "நான் மணி அடிக்கமாட்டன். கதைக்கிறவன் கதைக்கட்டும். ஆனால் பிறகு கோப்பை கழுவட்டும்."

இன்னொரு காரணமும் சொன்னா. எந்தக் கூட்டத்திலும் ஆண்கள் கதைக்க, பெண்கள் எழும்பித் தேத்தண்ணிக்குப் போவார்கள். திரும்பி வரும்போது முடிவெடுத்து முடிந்திருக்கும். "குசினியிலை நிண்டே நாங்கள் எத்தினை முடிவைத் தவறவிட்டிருக்கிறம்" என்பா. இதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தில் அகப்பட்ட பெரிய மீன் ஒரு வெள்ளைக்கார நிபுணர். தென்னை உயரம். பெண்களின் முன்னேற்றத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். பால்நிலைச் சமத்துவம் என்றார், வலுவூட்டல் என்றார். பரமேஸ் அக்கா ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தா. அவர் பேசத் தொடங்கியபோது கடற்கரையோரம் போன ரெயில் பாணந்துறைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது, மனிதர் நிறுத்தவில்லை. கடைசியில், ஆகவே உங்கள் எல்லாருக்கும் தையல் மெஷின் என்று முடித்தார்.

ஒரு பெண் மெல்லக் கேட்டது: "போன திட்டத்திலையும் தையல் மெஷின், அதுக்கு முந்தினதிலையும் தையல் மெஷின். எங்கட ஒழுங்கையிலை இப்ப எல்லாரிட்டையும் மெஷின் இருக்கு. ஆரின்ர சட்டையை ஆர் தைக்கிறது?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினா. "அதை யோசிச்சு வையுங்கோ. முதல்லை கேத்தில்" என்று ஆங்கிலத்தில் சொன்னா. அந்த மனிதரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். கோப்பை எல்லாம் கழுவிவிட்டு, கை துடைக்கத் துணி தேடினார். நான் என் சாரத் தலைப்பைக் கொடுத்தேன். அவருடைய நாட்டு அலுவலகத்தில் இப்போது மந்திரிகூடக் கோப்பை கழுவுகிறாராம். இதை எனக்கு யாரும் எழுதவில்லை. ஆனாலும் நடந்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் கூட்டம் வைத்த நாளில் ஒன்று நடந்தது. லொறியில் கதிரையை ஏற்றி, முன் சீற்றில் அக்காவை ஏற்றி நான் ஓட்டிக்கொண்டு போனேன். கோட்டைப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் மறித்து, கதிரை எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். வெயில். இறக்கி றோட்டோரம் அடுக்கினேன். அக்கா ஒரு கதிரையை எடுத்து விரித்து இருந்துகொண்டு, துவக்கோடு நின்ற ஆமிக்காரப் பொடியனுக்கு இன்னொன்றைக் காட்டினா. "மல்லி, டிக்கக் வாடிவென்ன" என்றா. சிங்களத்தில், தம்பி, கொஞ்சம் இரும் என்று. அந்தப் பிள்ளை இருக்கவில்லை. ஆனால் அதன்பிறகு கதிரைகளைத் தானே லொறிக்கு எடுத்துத் தந்தது. நான் அன்று அந்தச் சாவடி முழுவதையும் பேச்சாலே மடக்கினேன் என்று சில இடங்களில் சொல்லியிருக்கிறேன். மடக்கியது அந்த ஒரு கதிரைதான்.

அந்தக் கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில்தான் மலரைக் கண்டோம். கோவிலுக்குப் பின்னால் ஒரு அறையில், வயதுபோன மாமியோடு இருந்த பெண். புருஷன் வவுனியாப் பக்கம் ஒரு காலையில் வேலைக்குப் போனவர். யாரோ மறித்து ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அங்கே அவர்களுடைய காணியில் வெளிநாட்டு உதவியோடு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் வந்தது. ஆனால் வீடு குடும்பத் தலைவரின் பெயரில்தான் என்பது விதி. தலைவர் ஆண். தலைவர் இல்லையென்றால் அவர் செத்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். மலர் அந்த அத்தாட்சி எடுக்கப் போகமாட்டேன் என்றது. பொட்டையும் அழிக்கவில்லை. வீடும் கிடைக்கவில்லை. அதே நிலையில் இன்னும் பல பெண்கள்.

"திட்டத்திலை எங்களுக்கெண்டு ஒரு பந்தி எழுதியிருக்கினம், பெண்களுக்கு முன்னுரிமை எண்டு" என்று அக்கா சொல்லுவா. "கதவுப் பூட்டின்ர திறப்பு மட்டும் ஆம்பிளையின்ர கையிலை."

இந்த விதியை மாற்றவென்று அவ எழுதாத அலுவலகம் இல்லை. கடைசியில் திட்டத்துக்கு உதவி கொடுக்கும் நாட்டிலிருந்து ஒரு குழுவே வந்து பெண்களைச் சந்திக்கச் சம்மதித்தது. அதுதான் அந்த வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அவர்கள் பிளேன் ஏறுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், மலர் பேசாது. எத்தனையோ கூட்டத்துக்கு வந்து வட்டத்தில் இருந்துவிட்டு, வாய் திறவாமல், நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகும். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "அக்கா, அந்தப் பிள்ளைக்காக நான் கதைக்கிறன். ரெண்டு வசனத்திலை வெள்ளைக்காரனை அழப் பண்ணிக் காட்டுறன்."

"அவளுக்குப் பதிலா நீர் கதைச்சால், பிறகு அவளுக்குப் பதிலா நீர்தான் அந்த வீட்டிலை இருக்கவேணும்" என்றா.

"அப்ப நீங்களாவது கதையுங்கோ."

"நான் கதைச்சால் அது என்ர கதை. செத்திட்டானோ இருக்கிறானோ எண்டு சொல்ல உரிமை அவளுக்கு மட்டும்தான்." பிறகு மலரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: "பிள்ளை, உன்ர கையாலை எனக்கு ஒருநாள் தேத்தண்ணி வரும். அண்டைக்கு டொக்டர் என்ன சொன்னாலும் ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடிப்பன்."

மலர் தலையைக் குனிந்துகொண்டது.

அக்காவின் செத்தவீட்டுக்கு நான் வெள்ளைக் கதிரைகளை ஏற்றினேன். கூட்டத்துக்கென்று துடைத்து ஒதுக்கி வைத்திருந்த இருபதும் வெள்ளை, அவையும் போயின. எத்தனையோ செத்தவீட்டுக்குக் கதிரை போட்ட கை, அன்று எந்தப் பக்கம் பார்த்துப் போடுவதென்று தெரியாமல் தடுமாறியது. உறவினர் ஒருவர் வந்து வரிசையாகப் போடச் சொன்னார். போட்டேன். அவவின் வீட்டில், அவவின் கண்முன்னே, வரிசையாக. எழும்பித் திட்டுவா என்று ஒரு கணம் உண்மையாகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சுவரோரம் நின்றது. அழவில்லை. கனத்தை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, கதிரை மடக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தது.

"அண்ணை, வியாழக்கிழமை கதிரை போடுவியளோ?"

"என்ன பிள்ளை கேக்கிறாய்? அக்கா இல்லை. கூட்டம் இல்லையெண்டு சொந்தக்காரர் சொல்லுகினம்."

"வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரர் போயிடுவினம் அண்ணை."

இதற்கு முன் அந்தப் பிள்ளை என்னோடு கதைத்ததே இல்லை. "போடுவன்" என்றேன். சாந்தி தொலைபேசியில் குழுவோடு பேசிச் சம்மதிக்க வைத்தது. அக்காவின் சொந்தக்காரரும், தங்களுக்குள் முணுமுணுப்பு இருந்தாலும், மண்டபத்தைத் திறந்து விட்டார்கள்.

வியாழக்கிழமை வட்டமாகப் போட்டேன். யாரோ ஒருவர் ஒரு கதிரையைத் தனியாக வைத்து, அதில் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு வைப்போம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. சிங்காசனத்தைத் திருப்பி அனுப்பிய மனுஷி அவ. ஆடாத கதிரை ஒன்றைத் தெரிந்தெடுத்து, இருந்து பார்த்து, மலருக்கு வைத்தேன்.

குழுவின் தலைவி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. எழும்பி அனுதாபம் சொல்லத் தொடங்கினா. சாந்தி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தது. அக்காவின் பெயர் வந்த இடத்தில் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டது. நான் பேசியிருக்கலாம். வாய் திறந்தேன் என்பதும் உண்மை. அதற்குள் மலரின் குரல் கேட்டது.

"அவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைச்சால் வீடு தருவியள். நாளைக்கு அவர் வந்து அந்த வீட்டு வாசல் படலையிலை நிண்டால், நான் ஆரெண்டு சொல்லி உள்ளை கூப்பிடுறது?"

சாந்தி மொழிபெயர்த்தது. மலர் நிறுத்தவில்லை. காணி தன் தகப்பன் தனக்குச் சீதனமாகத் தந்தது என்றது. கிணறு எந்த மூலையில், அதை இறைத்தது யார், தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்றெல்லாம் சொன்னது. அவர் இருந்தபோதும் அரிசி வாங்கியது தான்தான், அவர் போன பிறகும் மாமிக்கு மருந்து வாங்குவது தான்தான் என்றது. "தலையெண்டு ஆரைச் சொல்லுறியள்? மாமியின்ர பசிக்கு ஆர் பதில் சொல்லுறது? அந்த ஆளின்ர பேரை எழுதுங்கோ. அவரைச் சாகடிக்காமல் எழுதுங்கோ." ரெயில்கள் போயின, வந்தன. இந்த முறை நான் கூட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே போயின, வந்தன.

தலைவி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு தன் ஆட்களோடு குனிந்து பேசினா. தங்கள் உதவியில் கட்டும் வீடுகளில், குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்ணின் பெயரிலேயே வீட்டை எழுதலாம், அத்தாட்சி கேட்கத் தேவையில்லை என்று சொன்னா. மற்ற நாடுகளின் திட்டங்களுக்குத் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னா.

"வாயாலை சொன்னால் காணாது, எழுத்திலை வரவேணும்" என்றது மலர். சபாஷ் என்று நான் கத்திவிட்டேன். போன கிழமை எழுத்திலும் வந்துவிட்டது. மற்றத் திட்டங்களின் கதவு இன்னும் பூட்டியபடிதான் இருக்கிறது, சாந்தி தட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று கூட்டம் முடிந்ததும் பழக்கத்தில் நான் எழும்பிக் குசினிக்குப் போய்க் கேத்திலைத் தூக்கினேன். பின்னால் ஒரு கை வந்து பிடித்தது.

"விடுங்கோ அண்ணை. இண்டைக்கு நான்தானே கூடக் கதைச்சனான்."

விட்டேன். அது தண்ணீர் பிடித்து, அடுப்பில் வைத்து, கோப்பைகளை அடுக்கியது. முதற் கோப்பையை ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கியது. கலக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கோப்பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் திரும்பியபோதுதான் அந்தப் பிள்ளை அழுதது. திங்கட்கிழமையிலிருந்து அழாத அழுகை. எனக்கும் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பது ஊருக்கே தெரியும். கையை நீட்டி வாங்கிக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

இப்போதும் கடைத் தொலைபேசி அடித்தால், எடுத்தவுடன் "ஓம் அக்கா" என்றுதான் வாயில் வருகிறது. சுவர்ப் பலகையில் அந்த இரண்டு விலாசங்களையும் இன்னும் அழிக்கவில்லை. வியாழன், கூட்டம், இருபது கதிரை, வட்டம் என்பதைப் பார்க்கும்போதெல்லாம், சற்றும் நம்பமுடியாமல் நிற்கிறேன். கீரை வாடுதென்று அவசரப்பட்டுப் போன மனுஷி எப்படி இல்லாமல் போகலாம்?

அவவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேத்தில். அவவின் சொந்தக்காரர் ஞாபகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அதைத்தான் கேட்டேன். அடி கறுத்து, கைபிடியில் துணி சுற்றியது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியதையும் சாந்தி காட்டியது. படித்தவர்கள் எல்லாரும் சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாரிலும் கூடக் கதைத்திருப்பவன் நான்தான். சட்டம் சட்டம்தான். முப்பத்தோராம் நாள் எல்லாரும் வாருங்கள், கதிரை வட்டமாகத்தான் போட்டிருக்கும். தேத்தண்ணி நான் போடுகிறேன்.